குறித்தகால வீட்டு வாடகை ஒப்பந்தம்

குறித்தகால வீட்டு வாடகை ஒப்பந்தம் என்பது, ஒரு குடியிருப்பை இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இன்ன வாடகைக்கு விடுவதாக வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை ஆகும். தொடக்க நாளும் முடிவு நாளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதே இதனை மாதாமாதம் தொடரும் வாடகையிலிருந்து வேறுபடுத்துகிறது. குறித்த காலம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அக்காலத்திற்குள் உரிமையாளர் தம் விருப்பப்படி வாடகையை உயர்த்தவோ வாடகைதாரரை வெளியேற்றவோ இயலாது. வாடகைதாரரும் ஒப்பந்தம் இடம் தந்தாலன்றி, பொறுப்பு ஏதுமின்றி இடையில் விலகிச் செல்ல இயலாது.

தமிழ்நாட்டில் 'பதினொரு மாத அக்ரிமெண்ட்' என்று பேச்சுவழக்கில் அறியப்படுவது இவ்வகை ஒப்பந்தமே. இக்கட்டுரை தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வழங்கும் நடைமுறையையும் அதற்கு அடிப்படையான சட்டங்களையும் முதன்மையாக விளக்குகிறது. இறுதியில் பிற இடங்களின் முறைகள் சுருக்கமாக ஒப்பிடப்படுகின்றன.

தொடர்புடைய சொற்கள்

வீட்டைப் பிறருக்குக் குடியிருக்கக் கொடுக்கும் முறைகள் பல. இவற்றின் பெயர்கள் பேச்சுவழக்கில் ஒன்றோடொன்று கலந்து வழங்கினாலும் சட்டத்தில் இவை வெவ்வேறானவை.

வாடகை: வீட்டைப் பயன்படுத்துவதற்காகக் குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் மாதந்தோறும், செலுத்தும் பணம்.

குத்தகை: ஓர் அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்திற்கு மாற்றிக் கொடுத்தல். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. வீட்டு வாடகையும் சட்டத்தின் பார்வையில் குத்தகையே ஆகும். பொதுவழக்கில் குத்தகை என்னும் சொல் விளைநிலத்தையே பெரிதும் குறிக்கிறது.

போக்கியம்: ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருத்தல். காலம் முடிந்து வீட்டைத் திருப்பித் தரும்போது முழுத் தொகையும் திரும்பப் பெறப்படும். நகரங்களில் 'லீசுக்கு விடுதல்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதனையே. இதில் வாடகைதாரரின் பணம் முழுவதும் உரிமையாளரின் கையில் இருப்பதால், தொகை திரும்பி வருவது அவருடைய பொருள்நிலையைப் பொறுத்ததாகிறது.

உரிமம்: இடத்தில் எவ்வித உரிமையும் மாறாமல், அதனைப் பயன்படுத்த மட்டும் தரப்படும் இசைவு. 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. மகாராட்டிர மாநிலத்தில் வீடுகள் பெரும்பாலும் இம்முறையிலேயே விடப்படுகின்றன. ஆவணத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, இடத்தின் முழு அனுபவமும் யாரிடம் இருக்கிறது என்பதைக் கொண்டே நீதிமன்றங்கள் குத்தகையையும் உரிமத்தையும் பிரித்தறிகின்றன.

வரலாறு

இந்தியாவில் வீட்டு வாடகை மீதான அரசுக் கட்டுப்பாடுகள் உலகப் போர்க் காலங்களில் வேரூன்றியவை. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் 1941 ஆம் ஆண்டு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை நீடித்தமையால் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து 1960 ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. இச்சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தில் எழுதிய முடிவு நாளுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. காலம் கடந்த பின்னரும் வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்புடன் குடியிருந்து வரலாம். வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை போன்று சட்டம் வகுத்த காரணங்களில் ஒன்றை உரிமையாளர் மெய்ப்பித்தாலன்றி அவரை வெளியேற்ற இயலாது. 'நியாய வாடகை' எவ்வளவு என்பதை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் வரையறுக்கலாம்.

இச்சட்டம் தொடர்பான இரண்டு தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை. 1979 ஆம் ஆண்டில் தனபால் செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளியேற்றம் கோரும்போது சொத்து மாற்றச் சட்டத்தின்படி தனியே முன்னறிவிப்புத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. மாத வாடகை 400 உரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது என்றிருந்த விதியை, 1986 ஆம் ஆண்டில் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

நெருக்கடிக் காலத்தில் குடியிருப்போரைக் காத்த இவ்வேற்பாடு, நாளடைவில் வேறு விளைவுகளையும் தந்தது. பழைய வீடுகளில் வாடகை உயராமல் நின்றது. பழுதுபார்க்கும் ஆர்வம் உரிமையாளர்களுக்குக் குறைந்தது. வீட்டை விட்டால் திரும்பப் பெற இயலாது என்னும் அச்சத்தால் சிலர் வீடுகளைப் பூட்டியே வைத்தனர். இந்த அச்சமே பதினொரு மாத ஒப்பந்தம் பரவியதற்கு ஒரு காரணமாகும்.

பதினொரு மாத வழக்கம்

ஒப்பந்தக் காலம் பதினொரு மாதமாக எழுதப்படுவதற்கான சட்டக் காரணம் பதிவு தொடர்பானது. ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவற்றைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வாயிலாக மட்டுமே உருவாக்க இயலும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 107 ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வகை ஆவணங்களுக்குப் பதிவு கட்டாயம் என்று 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவும் கூறுகிறது. பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லவும் வேண்டும். இவற்றைத் தவிர்க்கவே காலம் ஓராண்டுக்குள் நிறுத்தப்படுகிறது.

சட்டம் 'ஓராண்டுக்கு மேல்' என்றே கூறுவதால், எண்ணிக்கைப்படி பன்னிரண்டு மாதமும் வரம்புக்குள் அடங்கும். எனினும் நாள் கணக்கில் பிணக்கு எழாதிருக்க ஒரு மாதம் விட்டுப் பதினொரு மாதமாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. எடுத்துக்காட்டாக, 2024 சூன் 1 ஆம் நாள் தொடங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 30 ஆம் நாள் முடிவடையும்.

பதினொரு மாதம் என்பது பதிவுச் செலவைத் தவிர்க்க எழுந்த ஒரு வழக்கம் மட்டுமே. உரிமையாளரையோ வாடகைதாரரையோ காக்கும் தனி ஆற்றல் எதுவும் அந்த எண்ணுக்கு இல்லை. மேலும், கீழே விளக்கப்படும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் காலம் எவ்வளவு குறைவாக இருப்பினும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டியுள்ளது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் வெவ்வேறானவை. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்திற்கு இரண்டும் தேவைப்படும்.

2017 ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, 2019 பெப்ரவரி 22 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனுடன் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. புதிய சட்டம் வாடகையின் அளவைத் தானே வரையறுப்பதைக் கைவிட்டு, இரு தரப்பும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திற்கு முதன்மை தந்தது. இதனால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் முன்பு இருந்ததைவிடக் கூடுதல் மதிப்புப் பெற்றது.

இச்சட்டத்தின் முதன்மையான கூறுகள் வருமாறு:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். வாய்மொழி ஏற்பாடு போதாது.
2. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரில் எவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பதிவுக்குப் பின் ஒரு பதிவெண் வழங்கப்படும்.
3. வாடகைக் காலம் எவ்வளவு என்பதை இரு தரப்பும் தமக்குள் முடிவு செய்துகொள்ளலாம்.
4. ஒப்பந்தக் காலம் நடப்பில் இருக்கையில், சட்டம் கூறும் காரணங்கள் இருந்தாலன்றி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது.
5. பிணக்குகளைத் தீர்க்க வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று அடுக்குகள் உள்ளன. இவற்றின் வரம்புக்கு உட்பட்டவற்றை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிப்பதில்லை.

அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள், பணியாளர்களுக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாக நிறுவனங்கள் தரும் குடியிருப்புகள் முதலியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது. சட்டம் நகர்ப்புறங்களுக்கே உரியதாதலால், ஊரகப் பகுதிகளில் சொத்து மாற்றச் சட்டமே பின்பற்றப்படுகிறது. எழுத்து வடிவில் எதுவும் இல்லாத குடியிருப்பு வாடகையை அச்சட்டத்தின் 106 ஆம் பிரிவு மாத வாடகையாகக் கொள்கிறது. அதனை முடித்துக்கொள்ள 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

நடைமுறையில் வாடகை ஒப்பந்தங்கள் ஆவண எழுத்தர் வைத்திருக்கும் ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி எழுதப்படுகின்றன. பின்னர் எழும் பிணக்குகளில் பல, அப்படிவம் சொல்லாமல் விட்ட இடங்களிலிருந்து தோன்றுபவை. ஒரு முழுமையான ஒப்பந்தத்தில் கீழ்க்காண்பவை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்:

தரப்பினர்: உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் பெயரும் முகவரியும். உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவர் கையொப்பமிட்டால் அவருக்கு அதிகாரம் அளிக்கும் ஆவணத்தின் விவரம்.

இடம்: கதவு எண், தளம், வண்டி நிறுத்துமிடம், மொட்டைமாடியைப் பயன்படுத்தும் உரிமை, கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர்.

காலம்: தொடக்க நாள், முடிவு நாள், நீட்டிப்புக் கோர வேண்டிய நாள்.

வாடகை: தொகை, செலுத்த வேண்டிய தேதி, செலுத்தும் முறை, உயர்வு உண்டெனில் அது எப்போது எவ்வளவு என்பது.

பிற கட்டணங்கள்: மின் கட்டணம், தண்ணீர், பராமரிப்புத் தொகை. வீட்டுக்குத் தனி மின்மானி இல்லாவிடில் அலகு ஒன்றுக்கு எவ்வளவு என்பது.

முன்பணம்: தொகை, பிடித்தம் செய்யத்தக்கவை, திருப்பித் தர வேண்டிய காலம்.

முன்னறிவிப்பு: இடையில் முடித்துக்கொள்ள இயலுமா, எத்தனை மாதத்திற்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது.

பொருள்களின் பட்டியல்: மின்விசிறி, விளக்கு, நீர்சூடேற்றி, சாவிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் நிலையும். குடிபுகும் நாளில் எடுத்த ஒளிப்படங்களை இணைத்துக்கொள்வது, வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும்போது எழும் வழக்கமான பிணக்குகளைத் தவிர்க்கும்.

ஒப்பந்தம் இரண்டு படிகளாகக் கையொப்பமிடப்பட்டு, தரப்புக்கு ஒரு மூலப்படி வைத்துக்கொள்ளப்பட வேண்டும்.

முன்பணம்

முன்பணம் அல்லது 'அட்வான்ஸ்' என்பது வாடகை நிலுவைக்கும் வீட்டுக்கு ஏற்படும் சேதத்திற்கும் ஈடாக உரிமையாளர் பெற்று வைத்திருக்கும் தொகையாகும். அது உரிமையாளரின் கையில் இருப்பினும் வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டிய பணமே.

1960 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடை செய்திருந்தது. ஆயினும் சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது பரவலான வழக்கமாக இருந்து வந்தது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகக் கூறுகிறது. ஆனால் 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் தொடரும் அவ்விதியிலேயே உள்ளது. எனவே இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கூடுதல் தொகையை ஒப்புக்கொண்டிருந்தால் அவ்வரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது. மூன்று மாதத்திற்கு மேல் எவரும் வாங்க இயலாது என்று செய்தித்தாள்களில் காணப்படும் கூற்று, இத்தொடரைக் கருதாமல் எழுதப்படுவதாகும். வாடகைதாரர் கையொப்பமிடும் முன் தொகையைப் பேசி முடிவு செய்வதே அவருக்குள்ள உண்மையான வாய்ப்பாகும்.

வாடகைதாரர் வீட்டை ஒப்படைத்த பின், அவர் செலுத்த வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்திற்குள் மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 12,000 உரூபாய், முன்பணம் 36,000 உரூபாய் என்று கொள்வோம். கடைசி மாத வாடகை 12,000, மின் கட்டணம் 1,850, உடைந்த சன்னல் கண்ணாடி 900 உரூபாய் நிலுவையாக இருந்தால், திருப்பித் தர வேண்டிய தொகை 21,250 உரூபாய் ஆகும். பல ஆண்டுப் பயன்பாட்டால் இயல்பாக நேரும் தேய்மானம், சுவர் வண்ணம் மங்குதல் போன்றவை சேதம் ஆகா.

காலம் நடக்கும்போது உள்ள பொறுப்புகள்

வாடகை செலுத்தல்: வாடகை பெற்றதற்குக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு பெறுவது வாடகைதாரரின் உரிமை. வங்கி வழியாகச் செலுத்தினால் வங்கிப் பதிவே சான்றாகும். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைதாரர் செலுத்தாமல் இருந்துவிடலாகாது. அது நிலுவையாகக் கணக்கிடப்பட்டு வெளியேற்றத்திற்குக் காரணமாகலாம். வேறு வழிகளில் அனுப்பியும் ஏற்கப்படாவிடில் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டம் வழி செய்துள்ளது.

பழுதுபார்த்தல்: சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் பொறுப்பைப் பகுத்துள்ளது. கட்டுமானப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளரைச் சாரும். தண்ணீர்க் குழாயின் திருகு, கழிவுநீர் அடைப்பு, மின்பொத்தான், கதவுப் பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடப் பழுதுகள் வாடகைதாரரைச் சாரும். காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அட்டவணைப்படி அது உரிமையாளரின் செலவாகும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இரு தரப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டினுள் நுழைதல்: வீடு உரிமையாளருடையதே ஆயினும், வாடகைக் காலத்தில் அதனை அனுபவிக்கும் உரிமை வாடகைதாரருடையது. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும்.

இன்றியமையாச் சேவைகள்: தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, மின்தூக்கி, துப்புரவு ஆகியவற்றை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. வாடகை நிலுவையில் இருந்தாலும் இவ்விதி பொருந்தும். நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். விசாரணை முடியும் முன்னரே அவற்றை மீண்டும் வழங்க அவர் இடைக்கால ஆணையிடலாம்.

உள்வாடகை: உரிமையாளரின் எழுத்து வடிவிலான இசைவின்றி வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைதாரர் பிறருக்கு விடக் கூடாது.

இறப்பு: உரிமையாளரோ வாடகைதாரரோ இறந்தால், எஞ்சிய காலத்திற்கு ஒப்பந்தம் அவர்களின் வழித்தோன்றல்களையும் கட்டுப்படுத்தும்.

குறித்த நாளுக்கு முன் முடித்தல்

வேலை மாற்றம், திருமணம், நோய் முதலிய காரணங்களால் வாடகைதாரர் இடையில் வெளியேற நேரிடலாம். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு விதி இருந்தால், அதில் கூறிய மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து விலகலாம். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை எழுதுவது வழக்கம். சில ஒப்பந்தங்களில் முதல் ஆறு மாதத்திற்கு எவரும் விலகலாகாது என்ற கட்டுப்பாடும் காணப்படும்.

முன்னறிவிப்பு விதியே இல்லாத ஒப்பந்தத்தில், எஞ்சிய காலத்திற்கான இழப்பீட்டை உரிமையாளர் கோரலாம். ஆயினும் ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத்தொகை முழுவதும் தாமாகவே கிடைத்துவிடாது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை மேல்வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடே வழங்கப்படும்.

உரிமையாளரும் இவ்வாறே கட்டுப்பட்டவர். கூடுதல் வாடகை தர வேறொருவர் முன்வந்தார் என்பதோ, வீட்டை விற்க வேண்டியுள்ளது என்பதோ, நடப்பில் உள்ள ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது.

காலம் முடிந்த பின்

குறித்த நாள் வந்ததும் மூன்றில் ஒன்று நிகழும்.

முதலாவது, வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தல். சொத்து மாற்றச் சட்டத்தின் 111 ஆம் பிரிவின்படி, குறித்த காலம் கழிந்ததும் குத்தகை தானாகவே முடிவடையும். அதற்குத் தனி முன்னறிவிப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது, புதிய ஒப்பந்தம் எழுதுதல். வாடகைதாரர் காலம் முடியும் முன் நீட்டிப்பைக் கோரலாம். உரிமையாளர் இசைந்தால் புதிய விதிகளுடன் மற்றோர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இசைய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. புதிய ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

மூன்றாவது, எதுவும் செய்யாமல் விடுதல். நடைமுறையில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய விதிகளின்படியே மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டதாக 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. ஆனால் இது ஆறு மாதத்திற்கு மட்டுமே. அதன் பின்னும் வெளியேறாத வாடகைதாரரிடம், வழக்கமான வாடகையைவிட உயர்ந்த தொகையை உரிமையாளர் இழப்பீடாகக் கோரலாம். பல ஆண்டுகளாகப் பழைய தாளையே வைத்துக்கொண்டு குடியிருக்கும் குடும்பங்கள், தாம் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணினாலும் சட்டப்படி வலுவற்ற நிலையிலேயே உள்ளன. எழுத்து வடிவில் ஒப்பந்தம் இல்லாமையே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்றாகவும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

வெளியேற்றம்

காலம் முடிந்துவிட்டது என்பதனால் உரிமையாளர் தாமே வீட்டைப் பூட்டவோ, பொருள்களை வெளியே எடுத்து வைக்கவோ இயலாது. வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்து ஆணை பெற்ற பின்னரே வீட்டை மீட்க வேண்டும். சட்டம் கூறும் காரணங்களில் முதன்மையானவை:

1. எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ளாமை.
2. இரண்டு மாத வாடகை நிலுவை. உரிமையாளரின் அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள் நிலுவையைச் செலுத்திவிட்டால் இக்காரணம் நிலைக்காது.
3. இசைவின்றி வீட்டைப் பிறர் கையில் ஒப்படைத்தல்.
4. அறிவிப்புக்குப் பின்னும் வீட்டைத் தவறான வகையில் பயன்படுத்துதல்.
5. வீட்டைக் காலி செய்தாலன்றிச் செய்ய இயலாத பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானம்.
6. காலி செய்வதாக வாடகைதாரரே அறிவித்துவிட்டுச் செய்யாமை.

பரவலான தவறான கருத்துகள்

நீண்ட காலம் குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடும்: 12 ஆண்டுகள் எதிர் அனுபவத்தில் இருந்தால் உரிமையாளர் வழக்குத் தொடரும் உரிமையை இழப்பார் என்னும் விதியிலிருந்து இக்கருத்துத் தோன்றியது. வாடகைதாரர் உரிமையாளரின் இசைவுடன் குடியிருப்பவர். அவருடைய அனுபவம் எதிர் அனுபவம் ஆகாது. உரிமையாளரின் உரிமையை மறுக்கவும் அவருக்கு இயலாது.

நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகும்: நோட்டரியின் சான்று கையொப்பத்தை உறுதி செய்வதாகும். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவோ வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவோ ஆகாது.

வீடு விற்கப்பட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும்: சொத்து மாற்றச் சட்டத்தின் 109 ஆம் பிரிவின்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்திற்கு வருகிறார். எஞ்சிய காலத்திற்கு ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்தும். முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை எவர் ஏற்கிறார் என்பதை விற்பனையின்போதே எழுத்தில் பெறுவது வாடகைதாரருக்கு நன்று.

முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாடகையை நிறுத்திவிடலாம்: கடைசி மாதங்களில் இது வழக்கமாக நடப்பினும், உரிமையாளரின் உடன்பாடு இல்லாவிடில் அது நிலுவையாகவே கொள்ளப்படலாம்.

பிற இடங்களில்

இந்திய அளவில் ஒரு மாதிரி வாடகைச் சட்டத்திற்கு 2021 சூன் 2 ஆம் நாள் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாநிலங்கள் தனியே சட்டம் இயற்றினாலன்றி இது தானாக நடைமுறைக்கு வராது. குடியிருப்புகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகலாகாது என்று இது கூறுகிறது. காலம் கடந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும் அதன் பின் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்றும் கூறுகிறது.

செருமனியில் காலவரம்பற்ற வாடகையே பொது விதி. உரிமையாளர் பின்னர்த் தாமே குடியேற உள்ளார் என்பது போன்ற காரணத்தை எழுத்தில் காட்டினாலே குறித்தகால ஒப்பந்தம் செல்லும். இசுக்காட்லாந்தில் 2017 திசம்பர் 1 முதல் தொடங்கும் தனியார் வீட்டு வாடகைகளுக்கு முடிவு நாள் குறிப்பதில்லை. இங்கிலாந்தில் 1988 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், குறித்த காலம் முடிந்ததும் காரணம் கூறாமல் வெளியேற்றுவதற்கு இடம் தந்திருந்தது. அம்முறையையும் குறித்தகால ஒப்பந்தத்தையும் நீக்கும் சட்டம் 2025 அக்டோபரில் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் குறித்த காலமே வாடகைதாரருக்கு உறுதியான பாதுகாப்பாகக் கருதப்படுகையில், இந்நாடுகளில் முடிவு நாளை நீக்குவதே பாதுகாப்பாகக் கருதப்படுகிறது. முடிவு நாளுக்குப் பின் என்ன நிகழும் என்பதை அந்தந்த இடத்தின் சட்டம் எவ்வாறு வகுத்துள்ளது என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இவற்றையும் பார்க்க

குத்தகை
போக்கியம்
சொத்து மாற்றச் சட்டம், 1882
பதிவுச் சட்டம், 1908
இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
முத்திரைத் தீர்வை